முறைக்கிற வண்டியும் சிரிக்கிற வண்டியும்

பவானியில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு மண்டபத்து வாசலுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் முன்னால் போய் சாவியை நீட்டி அமுக்கினார். கதவு திறக்கவில்லை. மறுபடி அமுக்கினார். பிடியை இழுத்துப் பார்த்தார். சாவிக்குள் இருக்கும் பேட்டரியைத் திட்டினார், கம்பெனியைத் திட்டினார், வெயிலைத் திட்டினார். நான் இரண்டு வண்டி தள்ளி, வேப்பமர நிழலில், எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் அமுக்கும்போதெல்லாம் அது பாவம், விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி அவரைக் கூப்பிட்டது. அவர் இழுத்துக்கொண்டிருந்தது என் தங்கை வீட்டுக்காரருடைய வண்டியின் கதவை.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது, யாருக்கும் வரும் தடுமாற்றம்தானே என்று கேட்கலாம். அந்த இரண்டு வண்டிகளுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்க ஒரு மழைக்காலத்தையும் அதற்குப் பின்னால் வந்த முழுக் கோடையையும் செலவழித்தவர் அவர். கோயமுத்தூரில் அந்த விஷயத்தில் அவரைவிட அதிகம் படித்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் நான் உடனே கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த உரிமை எனக்கு உண்டு.

ஒரே கம்பெனி. ஒரே எஞ்சின், ஒரே கியர், ஒரே தகரம். மூஞ்சியையும் பெயரையும் மட்டும் மாற்றி இரண்டு கடையில் வைத்து விற்கிறார்கள். ஒரு கடையில் காகிதக் கப்பில் டீ கொடுப்பார்கள். இன்னொரு கடையில் கண்ணாடிக் கோப்பையில் காபி, பக்கத்தில் சின்னத் தட்டில் ஒரு பிஸ்கட். பிஸ்கட் கொடுக்கிற கடையில் வண்டி விலை கூடுதல். இவ்வளவுதான் வித்தியாசம் என்று முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கம்பெனி வைத்த பெயர்கள் என் வாயில் நுழையாததால் நானாக வேறு பெயர் வைத்துக்கொண்டேன். விலை கூடின வண்டிக்கு முன்பக்கம் புருவத்தை நெரித்த மாதிரி இருக்கும், பத்திர ஆபீசில் பங்காளியைப் பார்க்கிறவர்கள் பார்ப்பதைப் போல. அது முறைக்கிற வண்டி. மற்றது மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிற்பவர்களைப் போல எல்லோரையும் பார்த்துப் பல்லைக் காட்டும். அது சிரிக்கிற வண்டி.

சிரிக்கிற வண்டியை என் தங்கை வீட்டுக்காரர் முதலிலேயே வாங்கிவிட்டார். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு அவர் சகலை. இவர் கணபதியில் வார்ப்படப் பட்டறை நடத்துகிறார், பம்புக்கு வேண்டிய உதிரிபாகங்களை ஊற்றிக் கொடுப்பது. இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு அளவு கடந்த மரியாதை. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் நேராகக் குத்துவதில்லை. ‘ங்க’ போட்டுத்தான் குத்துவார்கள். வண்டி எடுத்த கையோடு சகலை ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நிறுத்தி, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

“நமக்கெல்லாம் இது போதாதுங்களா, சகலை?”

அந்த ‘நமக்கெல்லாம்’ இருக்கிறதே, அது எங்கள் வீட்டுக்குள் நுழைந்து பல மாதம் தங்கிவிட்டது. இவர் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அதையே மென்றுகொண்டிருந்தார். அதே வண்டியை இவரும் வாங்கினால் சகலையைப் பார்த்து வாங்கியதாக ஆகிவிடும். முறைக்கிற வண்டியை வாங்கினால் சகலையோடு போட்டிக்கு வாங்கியதாக ஆகிவிடும். ஒன்றும் வாங்காமல் இருந்தால் முடியாமல் இருப்பதாக ஆகிவிடும். இந்த மூன்றையும் அவர் வெளியில் சொல்லவில்லை. ‘டெக்னிக்கலாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்’ என்று மட்டும் சொன்னார்.

அப்படி ஒப்பிடும் வேலை தொடங்கியது. காலையில் காபியோடு கைப்பேசியைத் திறந்தால், யாரோ ஒரு பையன் ஏதோ ஒரு மலைப்பாதையில் நின்று இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் கையை வீசி வீசிப் பேசுவான். அவன் முறைக்கிற வண்டியைப் புகழ்ந்தால் இவருக்கு அவன் அறிவாளி. சிரிக்கிற வண்டியைப் புகழ்ந்தால் காசு வாங்கிப் பேசுகிறவன். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒருநாள் போனில், ரெண்டும் ஒரே கார்தானப்பா, எதையாவது எடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு அவள் போன் வந்தால் எடுத்து, ‘இந்தா, அம்மாகிட்ட பேசு’ என்று என்னிடம் நீட்டிவிடுவார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகவே இருந்திருக்கும், ஒரு விஷயம் மட்டும் இல்லாமல் இருந்தால்.

என்னிடம் ஒரு சின்ன கார் இருக்கிறது. நீல நிறம், பழசு, இடது கதவில் ஒரு நசுங்கல். மகள் காலேஜுக்குப் போய் வரட்டும் என்று வாங்கியது. அவள் ஊரைவிட்டுப் போனபின் சும்மா நின்றது. நாற்பது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். வீட்டில் சொன்னபோது இவர் சிரித்தார், எதற்கு, நான் இருக்கிறேனே என்றார். அவர் இருந்தார்தான். இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். வெள்ளகோவிலில் இருக்கும் என் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும் என்றால், முதல் நாள் ராத்திரி அவர் முகத்தைப் பார்த்து, நல்ல மனநிலையில் இருக்கிறாரா என்று கணக்குப் போட்டு, ‘ஏனுங்க, நாளைக்குச் சித்த கொண்டுபோய் உடறீங்களா’ என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பட்டறையில் உலை மூட்டின நாள், லோடு போகிற நாள், ஆள் வராத நாள் என்று அம்மா வீடு தள்ளிக்கொண்டே போகும். கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வாக்கியத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

நீலக் கார் கைக்கு வந்தபின் நான் அந்த வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. வியாழக்கிழமை ஆனால் சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு, பல்லடம், காங்கேயம் வழியாக அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே போய் ஒன்றும் பாசமழை பொழிவதில்லை. அம்மாவும் நானும் டீ குடிப்போம், டிவி பார்ப்போம், என் தங்கைக்கு எந்தத் தோட்டத்தைக் கொடுப்பது என்பதில் சண்டை போடுவோம், கோபித்துக்கொண்டு கிளம்பி வந்துவிடுவேன். நினைத்தபோது போய்ச் சண்டை போட்டுவிட்டு நினைத்தபோது வர ஒரு வண்டி வேண்டும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, நினைத்தபோதெல்லாம் போய்வருகிற ஆட்களுக்குப் புரிவதில்லை.

புது வண்டி வந்தால் இந்தக் கார் எக்ஸ்சேஞ்சில் போகும். இது எப்போது முடிவானது, யார் முடிவு செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காபி குடித்துக்கொண்டே, ‘நீலத்தைத் தள்ளிவிட்டுவிடலாம்’ என்று ஒருநாள் சொன்னார், பழைய மிக்ஸியைப் பற்றிச் சொல்வதுபோல. அவர் ஓட்டும் பழைய பெரிய காரை ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்டேன். அது பட்டறைக்கு வேண்டும், வார்ப்படம் ஏற்றி இறக்க வேண்டும் என்றார். சரி, புது வண்டியை நான் ஓட்டலாமா என்றேன். அவ்வளவு பெரிய வண்டியை நீயா, கேட்டில் ஒரசிவிடுவாய் என்றார். ஆக, வீட்டில் இரண்டு வண்டி, இரண்டும் அவருக்கு. எனக்கு மறுபடி அந்த வாக்கியம்.

காகிதக் கப் கடைக்குப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. இவர் வெறுங்கையோடு போகவில்லை. குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைக்கும்போது நாங்கள் எடுத்துப்போகும் பித்தளை அண்டா ஒன்று இருக்கிறது, ஒரு ஊருக்கே சோறு வடிக்கலாம். டிக்கியில் இத்தனை லிட்டர் கொள்ளும் என்று கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுப்பதை நம்ப முடியாது, அண்டா பொய் சொல்லாது என்பது இவருடைய கட்சி. பட்டறைக்காரர் அல்லவா, எதையும் வைத்துப் பார்த்துத்தான் நம்புவார். பெரிய காரின் பின்சீட்டில் அண்டாவைப் படுக்கவைத்துக்கொண்டு போனோம். விற்பனைக்கு நின்ற தம்பி கண்ணாடிக் கதவைத் திறந்தான், அண்டாவைப் பார்த்தான், ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “வாங்க சார், வாங்க மேடம்” என்று ஓடிவந்து ஒரு காதைப் பிடித்துத் தூக்கினான். கோயமுத்தூரில் வண்டி விற்கிறவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை போலிருக்கிறது.

என்னைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னான் அந்தத் தம்பி. காலை நீட்டிப் பாருங்கள் மேடம், எவ்வளவு இடம் பாருங்கள் மேடம் என்றான். பிறகு முன்னால் இடதுபக்கம் உட்காரவைத்து, வெயில் தடுப்பை இறக்கி, லேடீஸ் முகம் பார்க்கக் கண்ணாடியெல்லாம் இருக்கிறது என்று காட்டினான். வலதுபக்கக் கதவை எனக்கு அவன் திறக்கவே இல்லை. நான் இறங்கிப் பின்னால் போனேன். இவர் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து, அண்டாவை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளை வேட்டியும் இரண்டு குதிகாலும்தான் வெளியில் தெரிந்தன. பேச இது நல்ல நேரம் இல்லைதான். ஆனால் பல மாதமாக நல்ல நேரம் எதுவும் வரவில்லை.

“ஏனுங்க, என்ற வண்டியக் குடுக்க வேண்டாமுங்க. எனக்கு அது வேணும்” என்றேன்.

“செரி, அந்தக் காதச் சித்த அமுக்கு புள்ள, மூடுதான்னு பாக்கலாம்” என்றார்.

அமுக்கினேன். மூடியது.

அடுத்த வாரம் பிஸ்கட் கடை. அங்கே கறுப்புக் கோட்டுப் போட்ட பெண் டிக்கியில் முதலில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, அதன்மேல் அண்டாவை இறக்கவைத்தாள். அது ஒன்றுதான் எனக்கு விலைக் கூடுதலுக்கு நியாயமாகப் பட்டது. இவர் மறுபடி உள்ளே நுழைந்தார். பானட்டை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார், மண்பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல. அடியில் படுத்துப் பார்த்தார். கூரையில் திறக்கும் கண்ணாடியைத் திறந்து, சித்திரை வெயிலை உச்சந்தலையில் வாங்கிக்கொண்டு, “காத்தோட்டம்” என்றார். முதுகுக்குக் காற்று ஊதும் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபி வந்தது, பிஸ்கட் வந்தது. நான் மறுபடி சொன்னேன். நீலக் கார் போய்விட்டால் அம்மா வீட்டுக்கு நான் எப்படிப் போவது என்று, இந்த முறை காரணத்தோடு சொன்னேன். அவர் டிக்கிக்கும் அண்டாவுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுல இருக்கறதக் காட்டிலும் இதுல ஒரு வெரக்கடை எச்சா இருக்குது, பாத்தயா” என்றார்.

ஒரு விரல் இடம். அந்த ஒரு விரல் இடத்தைப் பற்றி வீட்டில் எத்தனை நாள் பேச்சு ஓடியது தெரியுமா. அண்ணன் மகனிடம் சொன்னார், பட்டறை மேஸ்திரியிடம் சொன்னார், வாக்கிங் போகும் இடத்தில் சொன்னார். இருந்தும் முடிவுக்கு வர முடியவில்லை. ஒவ்வொரு முறை முறைக்கிற வண்டியை எடுக்கலாம் என்று வாய் திறக்கும்போதும் சகலையின் சிரிப்பு எதிரில் வந்து நின்றிருக்க வேண்டும். கடைசியில் டெக்னிக் எல்லாம் தீர்ந்துபோய், சாமியிடம் வந்தார். கோயிலில் பூக் கேட்டுவிடலாம் என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து, ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாக்கி, சாமி காலடியில் போடுவார்கள். மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு, ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பது, போர்வெல் போடுவது, தோட்டம் விற்பது எல்லாம் இப்படித்தான். என்னைக் கட்டலாமா என்றும் அதே கோயிலில்தான் கேட்டார்களாம். வெள்ளை வந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கார் வாங்க, அதுவும் ஒரே காரில் எந்த மூஞ்சி என்று கேட்க, அந்தச் சாமியைத் தொந்தரவு செய்த முதல் ஆள் இவராகத்தான் இருக்கும்.

கோயில் காங்கேயம் தாண்டி, வெள்ளகோவில் போகிற வழியில் உள்ளே இருக்கிறது. பெரிய காரில் போனோம், இவர் ஓட்டினார். அங்கிருந்து என் அம்மா வீடு கூப்பிடு தூரம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும்போது, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்: திரும்பும்போது சித்த அம்மா வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று. இன்னொரு நாளைக்குப் பார்க்கலாம், இன்று உலை மூட்டியிருக்கிறது என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்மேல் பாதி, கேட்ட என் வாயின்மேல் பாதி.

பூசாரி பொட்டலம் மடித்துப் போட்டார். பொங்கல் வைக்க வந்திருந்த வேறொரு குடும்பத்துச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். இவர் கண்ணை மூடி, கையைக் கூப்பி, பூசாரிக்கும் எனக்கும் கேட்கும்படியாகவே வேண்டினார்: முறைக்கிற வண்டியை, அதாவது அதன் கம்பெனிப் பெயரைச் சொல்லி, எடுக்கலாமா சாமி என்று. பாருங்கள், வெள்ளையை எந்த வண்டியின் பக்கம் வைத்தார் என்று. குழந்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு.

சாமி தெளிவாகச் சொல்லிவிட்டது. யாராக இருந்தாலும் விபூதியைப் பூசிக்கொண்டு சிரிக்கிற வண்டியை எடுக்கப் போயிருப்பார்கள். இவர் பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடிப்புச் சரியில்லை என்றார். குழந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே எடுத்துவிட்டது என்றார். பட்டறையில் வார்ப்பு பொத்தலாக வந்தால் மணலைக் குறை சொல்வார், அதே குரல். பூசாரி ரொம்ப நல்ல மனிதர். சந்தேகமாக இருந்தால் மறுபடி கேட்டுக்கொள்ளலாமுங்க, தப்பில்லை என்றார்.

எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. பிடிக்காத பதில் வந்தால் மறுபடி கேட்கலாம். இத்தனை வருடமாக இந்த வசதி எனக்குத் தெரியாமல் போயிற்று. என்னைக் கட்டுவதற்குக் கேட்டபோது வெள்ளை எத்தனையாவது தடவையில் வந்தது என்றும் நான் விசாரித்ததில்லை. சாமியே இரண்டாம் முறை பதில் சொல்லத் தயாராக இருக்கும்போது நான் ஏன் சும்மா நிற்க வேண்டும் என்று தோன்றியது. அவர் கண்ணை மூடினார். நானும் மூடினேன். என்னுடைய நீலக் கார் என் கையிலேயே இருக்கட்டுமா, சாமி? இருக்கட்டும் என்றால் வெள்ளை கொடு. வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் நன்றாக, ஒவ்வொரு சொல்லாக, மனதுக்குள் கேட்டேன்.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

இவர் கற்பூரம் ஏற்றச் சொல்லி, தட்டில் தாராளமாகப் போட்டார். நான் விழுந்து கும்பிட்டேன். எனக்கு இருக்கிற பக்தியைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம். வரும் வழியெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். சாமியே உத்தரவு கொடுத்துவிட்டது, இனி யார் என்ன சொன்னாலும் மாற்ற முடியாது என்றார். முதல் பொட்டலத்தைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டே வந்தேன். சாமி உத்தரவை மாற்ற முடியாது என்று அவர் எவ்வளவு பேரிடம் சொல்கிறாரோ அவ்வளவுக்கு எனக்கு நல்லது.

ஒரு நல்ல நாள் பார்த்துப் பிஸ்கட் கடையில் பதிவு செய்யக் கிளம்பினோம். பழைய காரைப் பார்த்து விலை போட ஆள் வருவார், அதனால் நீலத்தை எடுத்துப் போக வேண்டும். வாசலில் நின்று சாவியை என் கையில் கொடுத்தார். “கடைசியா ஒருக்கா நீயே ஓட்டிட்டு வா” என்றார், பெரிய மனது பண்ணி. தூக்கில் போடப்போகும் கைதிக்குப் பிடித்த பலகாரம் கேட்டு வாங்கிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி கனிவு. வாங்கிக்கொண்டேன். அவர் இடதுபக்கம் ஏறிக்கொண்டார்.

கடையில் சகலையும் என் தங்கையும் காத்திருந்தார்கள். இவரேதான் வரச் சொல்லியிருந்தார். சிரிக்கிறவர் முன்னால் முறைக்கிற வண்டிக்குக் கையெழுத்துப் போட வேண்டாமா. கண்ணாடிக் கோப்பைகள் வந்தன. இவர் கடை முழுக்கக் கேட்கும்படி பூக் கேட்ட கதையைச் சொன்னார். போட்டிக்கு வாங்குவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது, தனக்கு எது கிடைத்தாலும் சம்மதம்தான், ஆனால் குலதெய்வம் சொன்னபின் மீற முடியுமா என்றார். சகலை பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டே தலையாட்டினார். இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ‘நமக்கெல்லாம்’ அன்றைக்குத்தான் வீட்டைவிட்டு வெளியே போனது.

வெளியில் விலை போடும் ஆள் நீலக் காரைச் சுற்றி வந்து, நசுங்கின கதவைத் தட்டி, டயரை உதைத்துக்கொண்டிருந்தான். கறுப்புக் கோட்டுப் பெண் ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாவி என் கைப்பைக்குள் இருந்தது. நான் பையைத் திறக்கவில்லை.

“என்ற வண்டியக் குடுக்கறதுக்கு உத்தரவு இல்லீங்க. சாமிகிட்ட நானும் கேட்டேன்” என்றேன்.

“நீ எப்பக் கேட்ட?” என்றார் இவர்.

“நீங்க ரெண்டாவது தடவ கேட்டீங்கல்ல, அப்பத்தானுங்க. வெள்ளை வந்துச்சு.”

சகலை கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டாவது தடவையா என்று இவரைத் திரும்பிப் பார்த்தார். அப்படியானால் முதல் தடவை என்ன வந்தது என்று அவர் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதை தெரிந்தவர். என் தங்கை மட்டும் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு வெளியில் நிற்கும் காரைப் பார்த்தாள். என் பூ பொய் என்றால் அவர் பூவும் பொய். ஒரே பொட்டலம்தான். முதல் பொட்டலத்துக்குத் திரும்பிப் போகலாம் என்றால், அது சகலை வண்டியைக் கைகாட்டுகிறது.

“சாமி சொன்னா மீற முடியுங்களா, சகலை” என்றார் என் தங்கை வீட்டுக்காரர்.

அவருடைய ‘ங்க’வில் நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.

முறைக்கிற வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் இல்லாமலே கையெழுத்தானது. வண்டி கைக்கு வர நாளாகும் என்றார்கள். அதனால் வீட்டுக்கு நீலக் காரில்தான் திரும்ப வேண்டியிருந்தது. நான் ஓட்டினேன். இவர் இடதுபக்கம், நசுங்கின கதவோரம், முழங்கால் முன்னால் இடிக்க உட்கார்ந்திருந்தார். அவினாசி ரோட்டில் வழக்கமான நெரிசல். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். சிக்னலில் நின்றபோது பேசினார், குரலில் கோபம் இல்லை. எங்கேயோ உண்மையாகவே அடிபட்ட மாதிரி இருந்தது.

“இத நேரா என்றகிட்டயே சொல்லியிருக்கலாமில்ல புள்ள? சாமி வரைக்கும் போகோணுமா?”

“சொன்னேனுங்க” என்றேன். “அப்ப நீங்க டிக்கிக்குள்ள அண்டாவத் திருப்பிட்டு இருந்தீங்க.”